'ஏசியிட்டி'க்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

இறையியல் சொற்பட்டியலில் 'ஏசியிட்டி' மூன்று வாரமாக முடிவாகாமல் கிடக்கிறது. கடவுள் இருப்பதற்கு அவருக்கு வெளியே காரணம் எதுவும் இல்லை, அவர் எதையும் சார்ந்தும் இல்லை என்ற பண்பு அது. லத்தீனில் 'ஆ சே' என்றால் 'தன்னிலிருந்து'. அதிலிருந்து பிறந்த சொல்.

'சுயம்பு' வேண்டாம் என்பேன். சைவத்தில் புழங்கும் சொல் என்பதற்காக அல்ல. அப்படிக் கழித்தால் நம் பட்டியலில் பாதி காலியாகிவிடும். சுயம்பு என்றால் தானே தோன்றியது. தோன்றியது என்றாலே தோன்றாதிருந்த ஒரு பொழுதும் கூடவே வந்துவிடுகிறது. ஒன்று தனக்குத் தானே காரணமாக வேண்டுமென்றால் அது தனக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அது நடக்காது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் சொல்லிவிட்டார். 'தற்சார்பு' என்றதும் எனக்கு மாடித்தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

'பிறவாமை' அழகான சொல். ஆனால் இதில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் யூனோமியஸ் என்பவர், பிறவாதிருத்தலே கடவுளின் சாரம் என்று வாதிட்டார். மகனாகிய இயேசு தந்தையிடமிருந்து பிறந்தவர். ஆகவே அந்தச் சாரம் அவருக்கு இல்லை, அவர் கீழ்ப்பட்டவர் என்று கொண்டுபோய் முடித்தார். செசரியாவின் பசிலியாரும் நிசாவின் கிரகோரியாரும் இதை மறுத்து எழுதினார்கள். பிறவாமை தந்தைக்கு உரிய தனி அடையாளம், தந்தை, மகன், தூய ஆவி மூவருக்கும் பொதுவான கடவுள்தன்மை அன்று. நாம் அசட்டையாக இந்தச் சொல்லைப் போட்டால் யூனோமியஸ் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

'தன்வயம்' நெருங்கி வருகிறது. 'எண்குணத்தான்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் தரும் எட்டில் முதலாவதே தன்வயத்தனாதல்தான். ஆனால் அது பிறர் வயப்படாமையைச் சொல்கிறது. இருப்பைப் பற்றிப் பேசவில்லை.

இனி என் பரிந்துரை. விளக்கு வைத்ததும் ஆச்சி எங்களைப் பாயில் உட்காரவைத்துப் பழைய ஞானோபதேசக் குறிப்பிடம் (கத்தோலிக்க மறைக்கல்விப் பாடம்) சொல்லவைப்பாள். சர்வேசுரனுக்குரிய இலட்சணங்கள் ஆறு. கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டபடி எண்ணுவோம். முதல் கணு: 'தாமாயிருக்கிறார்.' அடுத்தது: தொடக்கமும் முடிவும் இல்லாமலிருக்கிறார். ஐந்தாவதில் நான் எப்போதும் தடுக்குவேன், அது வேறு கதை. நாம் மூன்று வாரமாகத் தேடிய பொருள் முதல் கணுவிலேயே இருந்திருக்கிறது.

விவிலியமும் இதற்கு ஒத்துப்போகிறது. யோவான் 5:26இன் பழைய மொழிபெயர்ப்பில் பிதா 'தம்மில்தாமே ஜீவனுடையவர்'. குமாரனும் அப்படியே தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கும்படி அருளப்பட்டார் என்று அதே வசனம் தொடர்கிறது. ஆக, பிறந்த மகனையும் இந்தச் சொல் வெளியே நிறுத்தாது.

எனவே: தாமாயிருத்தல்.

*

ஐயா, பொருள் சரி. ஆனால் கலைச்சொல்லில் மரியாதை விகுதி எதற்கு? 'தானாயிருத்தல்' போதாதா? சொல்லும் நீளம். 'தாமிருப்பு' என்று சுருக்கலாமே.

*

அம்மா, 'தானாய்' என்றால் 'தானாகவே நடந்தது' என்ற பேச்சுவழக்குப் பொருள் முந்திக்கொள்ளும். குழாய் தானாய்ச் சொட்டுவது போல. 'தாமாய்' என்பதில் அந்தத் தொல்லை குறைவு. தவிர, 'தாம்' மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். திரித்துவம் பேசுகிறவர்களுக்கு அது இடைஞ்சல் இல்லை என்றே நினைக்கிறேன் (ஃபாதர் திருத்தட்டும்). 'தாமிருப்பு' என்றால் தாமிரத்தையும் இரும்பையும் கலந்து வார்த்த பாத்திரம் மாதிரி ஒலிக்கிறது.

நீளம்தான் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 17இல் பவுல் ஏதென்ஸ்காரர்களிடம், எல்லாருக்கும் சுவாசம் கொடுக்கிறவருக்கு மனிதர் கையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்கிறார். அதற்கு உரை எழுதும்போது 'கடவுள் தாமாயிருப்பவர்; ஆகவே படைப்பு அவருடைய தேவையிலிருந்து வந்ததல்ல' என்று எழுதலாம். அடிக்குறிப்பு தேவைப்படாது.

பெயரடைக்குத் 'தாமாயிருக்கும்' போதும். பட்டியலில் ஏற்றிவைக்கிறேன், மறுப்பிருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். அடுத்தது 'இம்பாசிபிலிட்டி', துன்பம் தீண்டாமை. அதில் சண்டை பெரிதாக இருக்கும்.