கெர்ட்ரூட் உண்மையில் துரோகம் செய்தவளா? ஹாம்லெட் நாடகத்தின் இரு பெண்களைப் பற்றி ஒரு கேள்வி

நாடக வாசகி:

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அண்மையில் மீண்டும் முழுமையாக வாசித்தேன். பழிவாங்கும் துன்பியல் நாடகம் என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இந்நாடகத்தைப் பற்றிய பேச்சுகளில், அரசி கெர்ட்ரூட் கணவனுக்குத் துரோகம் இழைத்தவள் என்பது மறுபேச்சுக்கு இடமில்லாத முடிவாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அம்முடிவுக்கு ஆதாரமாக எனக்குக் கிடைத்தவை எல்லாம் மகன் ஹாம்லெட் அவளைப் பற்றிச் சொல்பவையும், கொல்லப்பட்ட அவள் கணவனான அரசனின் ஆவி சொல்பவையும்தாம். கொலை அவளுக்குத் தெரிந்திருந்ததா? கணவனின் சகோதரனை அவள் மணந்ததை முறைகெட்ட உறவு என்று ஹாம்லெட் ஓயாமல் சாடும்போது, டென்மார்க் அரசவையில் வேறு எவரும் வாய் திறக்காதது ஏன்? ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியாவுக்கு நேர்ந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பழைய ஏடு:

கொலையை அவள் அறிந்திருந்தாள் என்று காட்டும் வரி நாடகத்தில் எங்கும் இல்லை. அறியவில்லை என்று எண்ணுவதற்கோ நல்ல காரணங்கள் உள்ளன. இரண்டாம் அங்கத்தில், அரசனின் ஆலோசகர் பொலோனியஸ் தூதர்களை அழைத்துவரச் சென்றிருக்கும் சிறு இடைவெளியில், மகனின் மனக்கலக்கத்துக்கான காரணத்தைப் பொலோனியஸ் கண்டுபிடித்துவிட்டதாக, சகோதரனைக் கொன்று அரசனாகி அவளை மணந்த கிளாடியஸ் கூறும்போது, தந்தையின் மரணமும் நாம் அவசரமாகச் செய்துகொண்ட திருமணமும்தான் காரணமாக இருக்கும் என்று அவள் நேராகச் சொல்கிறாள். கொலையில் பங்குள்ள ஒருத்தி, தன்னோடு சேர்ந்து அதைச் செய்தவனிடம், அந்தச் சாவை இவ்வளவு இயல்பாகக் குறிப்பிடுவாள் என்று நம்புவது கடினம். மூன்றாம் அங்கத்தில் தனிமையில் மண்டியிடும் கிளாடியஸ், கொலையால் தனக்குக் கிடைத்தவை என்று மணிமுடியையும் தன் பேராசையையும் அரசியையும் அடுக்குகிறான். கேட்பார் யாருமில்லாத அந்த நேரத்திலும் அவள் அவன் அடைந்த பொருள்களில் ஒன்றாகவே வருகிறாள், கூட்டாளியாக அல்ல. என்னைப் பொறுத்தவரை நாடகத்தின் மிக வலுவான சான்று இதுவே. அதற்கு அடுத்த காட்சியில், அரசனைக் கொன்று அவன் சகோதரனை மணப்பதைப் பற்றி ஹாம்லெட் குறிப்பிட்டதும், அரசனைக் கொல்வதா என்று அவள் திகைத்துத் திருப்பிக் கேட்கிறாள்.

1603இல் அச்சான முதல் குவார்ட்டோ (சிறு அளவு நூல்) பதிப்பில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. அங்கே அவள் கொலையைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று வெளிப்படையாக மறுக்கிறாள். மகனின் பழிவாங்கலுக்குத் துணைநிற்பதாகவும் வாக்களிக்கிறாள். 1604-05 பதிப்பிலும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டி வந்த 1623ஆம் ஆண்டின் ஃபோலியோவிலும் இது இல்லை. இதற்கு நேர்மாறாக, ஷேக்ஸ்பியருக்கு முன்பே பெல்ஃபொரே பிரெஞ்சில் எழுதிய இதே கதையில், கொலைக்கு முன்னரே அரசிக்கும் கணவனின் சகோதரனுக்கும் கள்ள உறவு இருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும் ஆவி கிளாடியஸைக் கற்பு நெறி கெட்டவன் என்று பழித்தாலும், அந்த உறவு எப்போது தொடங்கியது என்பதை நாடகம் தெளிவாகச் சொல்வதே இல்லை.

வரலாற்று மாணவன்:

திருமணம் பற்றிய கேள்விக்கு, இந்நாடகம் எழுதப்பட்ட காலத்து இங்கிலாந்தை நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் தலைமைப் பேராயர் மாத்யூ பார்க்கர் 1563இல் வகுத்த தடை உறவுப் பட்டியலின்படி, ஒரு பெண் இறந்த கணவனின் சகோதரனை மணக்க முடியாது. விவிலியத்தின் லேவியராகமம் இதைத் தடுக்கிறது. அதே விவிலியத்தின் உபாகமமோ, பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்க வேண்டும் என்கிறது. கெர்ட்ரூடுக்கு வளர்ந்த மகன் இருக்கிறான் என்பதால் அந்த விதிவிலக்கும் அவளுக்குப் பொருந்தாது.

இது அன்றைய பார்வையாளர்களுக்கு வெறும் வேதநூல் வழக்காக இருந்திருக்க முடியாது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, 1502இல் இறந்த தன் அண்ணன் ஆர்தரின் மனைவியான அரகானின் காதரினைப் போப்பாண்டவரின் சிறப்பு அனுமதியோடு 1509இல் மணந்தார். பின்னர் அந்தத் திருமணமே செல்லாது என்று வாதாடி, 1533இல் அவ்வாறே தீர்ப்பும் பெற்றார். அதே ஆண்டில் அவருடைய இரண்டாம் மனைவி ஆன் பொலினுக்குப் பிறந்த எலிசபெத்தின் ஆட்சியில்தான் இந்நாடகம் எழுதப்பட்டது. சகோதரனின் மனைவியை மணப்பது செல்லும் என்றால் எலிசபெத் அரசியின் சொந்தப் பிறப்பே கேள்விக்குள்ளாகும் ஒரு நாட்டில், நாடகத்தில் டென்மார்க் அரண்மனை அமைந்த எல்சினோரின் அவையோர் அப்படிப்பட்ட திருமணத்தைக் கைகட்டி ஏற்றுக்கொண்டதைப் பார்த்தவர்கள் நிச்சயம் நெளிந்திருப்பார்கள். அந்த மௌனத்துக்கான காரணத்தை நாடகமே முதல் அங்கத்தில் தருகிறது: தன் அவையோரின் அறிவுரையைக் கேட்டு, அவர்களின் இசைவோடுதான் இம்மணத்தை முடித்ததாகக் கிளாடியஸ் எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்கிறான். டென்மார்க்கில் அரசன் தேர்ந்தெடுக்கப்படுகிறான். அந்தத் தேர்வில் கிளாடியஸ் தன் வழியில் குறுக்கிட்டான் என்று ஹாம்லெட்டே பின்னர் குமுறுகிறான். ஆகவே மறைந்த அரசனின் மனைவியைக் கைப்பிடிப்பது அரியணைக்கு உறுதி சேர்க்கும் செயலும்கூட. பழியை மட்டும் அவள் ஒருத்தியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

தென்றல்:

இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் அவளை முழுக்க விடுவித்துவிட என் மனம் ஒப்பவில்லை. தந்தை இறந்த கணக்கை ஹாம்லெட் ஒரே பேச்சில் இரண்டு மாதம் என்று தொடங்கி ஒரு மாதத்துக்கு இறங்குவதும், நாடகத்துக்குள் நாடகம் நடக்கும்போது தந்தை இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்று அவன் சொல்ல, நான்கு மாதம் ஆயிற்று என்று ஒஃபீலியா திருத்துவதும் அவனுடைய கணக்கை நம்ப முடியாது என்று காட்டுகின்றன. ஆனால் அவசரம் பொய்யல்ல; அவளே அதை ஒப்புக்கொள்கிறாள். துக்க உடையைக் களைந்துவிடு, உயிருள்ளவை எல்லாம் இறப்பது உலக இயல்பு என்று மகனிடம் அவள் சொல்லும் இடம் என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. மறுமணம் செய்துகொண்டது துரோகம் அல்ல. மகனுக்குத் துக்கம் கொண்டாடக்கூட இடம் கொடுக்காததுதான் அவள் இழைத்த தீங்கு.

மேடைப்பக்கம்:

ஒஃபீலியாவைப் பற்றிக் கேட்டதற்கு மிக்க நன்றி. குடும்பத் துரோகம் என்ற சொல் இந்நாடகத்தில் முழுமையாகப் பொருந்துவது அவள் கதைக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹாம்லெட் இளவரசன், தன் விருப்பப்படி மணந்துகொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை என்று அண்ணன் லேயர்டீஸ் எச்சரிக்கிறான். அவனைச் சந்திக்காதே, கடிதங்களைத் திருப்பி அனுப்பு என்று தந்தை பொலோனியஸ் கட்டளையிடுகிறார். அவள் கீழ்ப்படிகிறாள். அதே தந்தை, மகளுக்கு வந்த காதல் கடிதத்தை அரசன், அரசி முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டுகிறார். பிறகு அவள் கையில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து ஹாம்லெட் வரும் வழியில் நிறுத்திவைத்து, அரசனோடு ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்கிறார். ஹாம்லெட் அவளைக் கடும் சொற்களால் நொறுக்கிவிட்டுச் சென்ற பின், நீ எதையும் சொல்ல வேண்டாம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்கிறார். அவளுக்காக ஓர் ஆறுதல் சொல் அந்த இடத்தில் யாரிடமிருந்தும் வருவதில்லை.

இதில் மிகக் கொடியது எது என்றால், தந்தையும் அண்ணனும் நடக்கவே முடியாது என்று சொன்ன அந்தத் திருமணத்துக்கு அரசி தடையாக இருக்கவில்லை என்பதுதான். ஒஃபீலியாவின் கல்லறையில் மலர்களைத் தூவும்போது, நீ என் ஹாம்லெட்டின் மனைவியாக வருவாய் என்று நம்பியிருந்தேன் என்கிறாள் கெர்ட்ரூட். இல்லாத ஒரு சுவரைக் காட்டி அந்தப் பெண்ணை வீட்டார் பணியவைத்திருக்கிறார்கள். அண்ணன் அந்தக் குழிக்குள் குதித்துக் கதறுவது அதன் பிறகுதான்.

நாடக வாசகி:

கல்லறைக் காட்சியின் அந்த வரியை இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கடைசிக் காட்சியில் ஹாம்லெட்டைக் கொல்லக் கிளாடியஸ் நஞ்சு கலந்து வைத்த கோப்பையைக் கெர்ட்ரூட் அறிந்தே குடிக்கிறாள் என்று சில மேடையாக்கங்களில் காட்டுகிறார்களே, அதற்கு இடம் உண்டா?

பழைய ஏடு:

நடிப்பவருக்கு அந்த உரிமை உண்டு, ஆனால் வரிகள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. குடிக்காதே என்று கிளாடியஸ் சொல்கிறான். குடிப்பேன், மன்னியுங்கள் என்று பதிலளித்துவிட்டு அவள் குடிக்கிறாள். கணவனின் சொல்லை அவள் நேரடியாக மீறுவது இங்கேதான். அவன் எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். சொன்னால் தன் சதி வெளிப்பட்டுவிடும் என்பதால் தனக்குள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு அவளைச் சாகவிடுகிறான். அவள் சாய்ந்ததும், வாட்போட்டியில் சிந்திய இரத்தத்தைக் கண்டு மயங்கினாள் என்று அவையிடம் பொய் சொல்கிறான். அவள் அதை மறுத்து, மகனை அழைத்து, பானத்தில் நஞ்சு இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு இறக்கிறாள். அரசன்தான் குற்றவாளி என்று லேயர்டீஸ் வாய் திறப்பது அதன் பின்னரே. அவை அறிய கிளாடியஸின் குற்றத்துக்குக் கிடைத்த முதல் சாட்சியம் அவளுடையது.