மறு: ஆவணப் பொருளா, வேறு சொல்லா?

வணக்கம் சேர்,

சமூகவியலாளர் கார்ல் மான்ஹைமின் 'documentary meaning' என்பதற்குத் தமிழாக நீங்கள் சொன்ன 'ஆவணப் பொருள்' எனக்கு ஒட்டவில்லை. ஆவணம் என்றதும் நம் மட்டக்களப்பு ஆட்களுக்குக் காணி உறுதியும் கச்சேரி (அரச அலுவலக) வரிசையும்தான் ஞாபகம் வரும். மான்ஹைம் 1920களின் தொடக்கத்தில் உலகநோக்கை எப்படி விளக்குவது என்று எழுதிய கட்டுரையில் சொல்வது வேறு விசயம். நண்பன் பிச்சைக்காரருக்குக் காசு போடுகிறான். அது உதவி என்பது பார்த்தவர் எவருக்கும் தெரியும், அது முதல் பொருள். தன் இரக்கத்தைக் காட்ட நினைத்தான், அது இரண்டாவது. அவனை நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும் அந்தக் காசில் அவனுடைய போலித்தனமும் தெரியும், அவன் அதைக் காட்ட நினைக்கவே இல்லை என்றாலும். நமக்குச் சொல் வேண்டியது இந்த மூன்றாவதற்குத்தான்.

நம் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கையே எடுங்கள். வைகாசியில் மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தைப் பாடி ஆற்றுகிறோம், அது செயல். மடை (படையல்) வைக்கும் பெண்ணின் மனதில் அவருடைய நேர்த்தி இருக்கும். இவை போக, கோபம், கோடை, அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) எல்லாம் ஒரே வெக்கைதான், குளிர வைத்தால் எல்லாமே இறங்கும் என்று ஊரே உலகத்தைப் பார்க்கும் விதம் ஒன்று அதில் கிடக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து கற்றுத் தரவில்லை.

நீங்கள் அடுத்துச் சொன்ன 'உள்ளுறைப் பொருள்' அழகான சொல்தான், ஆனால் சங்கப் பாட்டில் உள்ளுறையைப் புலவர் தெரிந்தே உள்ளே வைக்கிறார். இங்கே வைத்தவருக்கே தெரியாது. அதனால் 'சுவட்டுப்பொருள்' என்கிறேன்.

(உலகநோக்கா, உலகப்பார்வையா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைப்போம்.)

---

தம்பி,

உள்ளுறை பற்றி நீர் சொன்னது சரி, விட்டுவிட்டேன். ஆனால் சுவட்டுப்பொருளை வகுப்பில் வாய்விட்டு வாசித்துப் பாரும். பாதிப் பிள்ளைகள் 'சுவடிப்பொருள்' என்று எழுதுவார்கள், ஏட்டில் இருப்பதாக்கும் என்று நினைப்பார்கள், நீர் தப்பி ஓடிவந்த ஆவணத்துக்குள்ளேயே திரும்பப் போய் விழுவீர். 'தடப்பொருள்' என்று வைத்தால் என்ன? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விடிய எழும்பி வயலுக்குப் போனால் இரவு யானை வந்தது, எந்தப் பக்கம் போனது, குட்டி கூட வந்ததா என்று தடம் பார்த்துச் சொல்கிறார்கள். யானை சொல்லிவிட்டா போனது?

---

சேர்,

யானையோடு வாதாட என்னால் முடியாது. தடயப்பொருள் என்று யாராவது பொலிஸ் வாசனை பிடிப்பார்கள் என்ற பயம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் ஆவணத்தைவிட அது பரவாயில்லை, தடயம் விட்டவனும் வேண்டுமென்று விட்டதில்லையே. அத்தியாயத்தில் செயற்பொருள், கருதுபொருள், தடப்பொருள் என்று மாற்றி இன்றிரவு அனுப்புகிறேன். நடுவில் இருக்கும் கருதுபொருள் எனக்கே பாதிதான் பிடித்திருக்கிறது, நல்லதாக ஏதும் தோன்றினால் அதற்கு முன்னர் எழுதுங்கள்.