என் பாட்டுக்கு என் சேனலிலேயே உரிமைக் கோரிக்கை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளுக்கு (திருவிழாக்களுக்கு) அம்மன் பாட்டு எழுதுகிறேன். 2022 ஆடியில் ஒரு ஆடியோ நிறுவனத்துக்குச் சில பாடல்கள் எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் பேச்சு, ஜிபேயில் மொத்தமாக ஒரு தொகை. பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது, ஃபார்வர்டில் இலவசமாகவும் சுற்றுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதைக் கேட்டுத்தான் கொடைக்குப் பாட்டெழுதக் கூப்பிடுகிறார்கள்.

சிக்கல் வேறு. அதே வரிகளை வேறு மெட்டில் நானே பாடி யூடியூபில் போட்டேன். அந்த நிறுவனத்தின் பெயரில் காப்புரிமைக் (காப்பிரைட்) கோரிக்கை வந்துவிட்டது, விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகிறது. யூடியூபில் டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டேன், நிறுவனத்தார் நிராகரித்துவிட்டார்கள். அப்பீல் போய் அதுவும் தோற்றால் வீடியோ நீக்கப்பட்டு, சேனலுக்கு ஸ்ட்ரைக் (விதிமீறல் எச்சரிக்கை) விழும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறேன். மெயிலுக்குப் பதில் இல்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேரலாம் என்று பார்த்தால், பாடலைப் பதியும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கிறார்கள். அதை எதை வைத்துச் சொல்வது?

நான் படித்தவரை, காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதிக் கொடுத்திருந்தாலும் ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சம பங்கு உண்டு. ஆனால் "காசு கொடுத்து எழுதச் சொன்னது நாங்கள், பாட்டு எங்களுடையது" என்பது அவர்கள் வாதம். சேட், பணம் வந்த விவரம், கையெழுத்துப் பிரதி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இவற்றை மட்டும் வைத்து அப்பீல் போகலாமா, முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா?