படியில்லாமல் கூடிக் குறையும் ஒளி: சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்களுக்கான மின்னணுவியல் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்தில் சின்ன எல்.இ.டி. டார்ச்சைப் பிரித்து மாற்றுகிறார்கள். முன்பு பொத்தானை அழுத்த அழுத்தக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே நிலைகள். மாற்றிய பிறகு நிலைகளே கிடையாது. குமிழைத் திருப்பினால் மினுக்கென்று தொடங்கி முழு வெளிச்சம் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இந்தத் தன்மைக்கு 'தொடர் ஒளிமாற்றம்' என்று எழுதி வைத்திருந்தேன். அதே பக்கத்தில் 'தொடர் மின்தடை' என்றும் வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

* * *

'தொடர்' கட்டாயம் வேண்டாம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று படித்து வந்த பிள்ளைகள், எல்.இ.டி.யைத் தொடராக இணைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் நான் 'டிம்மர்' என்றே சொல்கிறேன். எல்லோருக்கும் புரிகிறது.

* * *

> வகுப்பில் நான் 'டிம்மர்' என்றே சொல்கிறேன்.

புரிவது மட்டும் போதுமா ஐயா? டகரம் தமிழில் மொழிமுதல் வராது. கையேட்டில் ஒரு முறை அச்சேறிவிட்டால் அடுத்த பதிப்பிலும் அதேதான் நிற்கும்.

தொல்காப்பிய உரியியலில் 'வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள' என்று வருகிறது. ஒழுகல் என்றால் நேராக, நீளமாக, இடையில் முறியாமல் போவது. செய்யுளியலிலும் 'ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்' என்கிறார். ஓசை தடுக்கி விழாமல் செல்வதற்கு அந்தப் பெயர் என்றால், ஒளி தடுக்கி விழாமல் ஏறுவதற்கு ஏன் ஆகாது? ஒழுகு, ஒளி இரண்டையும் புணர்த்தால் குற்றியலுகரம் கெட்டு 'ஒழுகொளி'. அருமையான வினைத்தொகை, மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ஒழுக்கம் என்ற சொல்லும் இதே வேர்தான். இடையறாமல் கடைப்பிடிப்பது ஒழுக்கம். 'ஒழுங்கு' பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

ஐயா, சொல் அழகுதான். ஆனால் இன்று ஒழுகுவது கூரையும் குழாயும். 'ஒழுகொளி டார்ச்' என்றால் மூடி சரியாகப் பொருந்தாமல் பக்கவாட்டில் வெளிச்சம் கசிகிற டார்ச் என்றுதான் மாணவர் நினைப்பார். தண்ணீர் புகாத டார்ச்சுக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடைக்காது.

இன்னொன்று. இந்தச் சுற்றில் ஒளி ஒழுகவே இல்லை. வெள்ளை எல்.இ.டி. மூன்று வோல்ட்டை ஒட்டி எரிகிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் மின்னோட்டம் தாவிவிடும். மின்தடை போட்டு மின்னோட்டத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் மிச்சமாகும் மின்திறன் மின்தடையில் வெப்பமாய் வீணாகும். அதனால் முழு மின்னோட்டத்தையே செலுத்தி, அதை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள். குமிழ் மாற்றுவது ஒவ்வொரு துடிப்பிலும் எரியும் நேரத்தின் பங்கை. இந்த முறைக்குப் பாடநூல் தமிழில் துடிப்பு அகலப் பண்பேற்றம் (PWM) என்று பெயர். வேகம் போதவில்லை என்றால் டார்ச்சை வீசி ஆட்டும்போது ஒளிக்கோடு புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும்.

* * *

அப்படியானால் 'படியிலா ஒளிமாற்றம்' என்று வைத்துவிடலாமே? மூன்று படி டார்ச், படியிலா டார்ச். எதிரெதிராக வைத்ததும் பொருள் தானாக விளங்கும்.

* * *

இல்லாததைக் கொண்டு ஒன்றுக்குப் பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: தூண்டுதல். திரியை நிமிண்டி விளக்கைத் தூண்டினால் சுடர் எழும், வேண்டிய அளவில் விட்டுவிடலாம். அதற்கென்று தூண்டுகோல் இருந்தது, தூண்டா விளக்கு என்ற வழக்கும் இருந்தது. படி, நிலை எதுவும் அதில் இல்லை. 'ஒளித்தூண்டல்' என்று சொல்லுங்கள், குமிழுக்கு 'ஒளித்தூண்டி'. ஒளியும் விளக்கும் சேர்ந்த சொல் நம்மிடமே இருக்கும்போது எதற்கு இத்தனை தேடல்?

* * *

அம்மா, இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். ஆனால் 'மின்தூண்டி' என்று கம்பிச்சுருளுக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டோம். ஒரே 1.5 வோல்ட் மின்கலத்தில் ஓடும் டார்ச் என்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று வேண்டும், அதில் பெரும்பாலும் மின்தூண்டி இருக்கும். ஒரே பலகையில் மின்தூண்டியும் ஒளித்தூண்டியும் இருந்தால், பற்றவைக்கிற பிள்ளை எதை எங்கே வைக்கும்?

* * *

'ஒளிமங்கி' யாரும் சொல்லவில்லையா?

* * *

மங்கு தன்வினை. அடங்கு/அடக்கு, மயங்கு/மயக்கு மாதிரி பிறவினை ஆக்கினால் 'மக்கு' வரும், அது வேறு பொருளுக்குப் போய்விட்டது. தவிர, இழை விளக்கில்தான் மின்னோட்டம் குறைந்ததும் வெளிச்சம் சிவந்து மங்கும். எல்.இ.டி. அப்படிச் சிவக்காது. முக்கியமாக, இந்தக் குமிழ் ஏற்றவும் செய்கிறது. குறைப்பதை மட்டும் பெயராக வைத்தால் பாதி வேலைதான் பெயரில் இருக்கும்.

* * *

> படியிலா டார்ச்

இதிலும் ஒரு சிக்கல், சொல்லிவிடுகிறேன். நுண்கட்டுப்படுத்தி (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) வைத்துச் செய்தால் படிகள் உண்டு. எட்டு பிட் என்றால் 256 நிலைகள். மேலே போகும்போது கண்ணுக்குத் தெரியாது. அடியில் 1-லிருந்து 2-க்குப் போனால் ஒளி இரட்டிப்பாகிறது, அந்தத் தாவல் இருட்டில் நன்றாகவே தெரியும். கண்ணுக்கு 'பாதி வெளிச்சம்' என்று படுவது உண்மையில் முழு ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதனால்தான் சாதாரணக் குமிழ் போட்டால் முதல் கொஞ்சத் திருப்பலிலேயே எல்லா மாற்றமும் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். யாராவது 'சீரொளி' என்று கொண்டுவருவதற்கு முன் இதையும் யோசியுங்கள்: யாருக்குச் சீர், கண்ணுக்கா, மின்னோட்டத்துக்கா?

* * *

பாடத்தில் நுண்கட்டுப்படுத்தி இல்லை, 555 என்ற நேரங்காட்டிச் சில்லும், குமிழாகத் திருப்பும் சுழல் மின்தடையும்தான். அங்கே படி உண்மையிலேயே இல்லை. 'படியிலா' பொருந்துகிறது.

* * *

555 என்றால் கையேட்டில் இதைச் சேர்த்துவிடுங்கள். 1972-இல் வந்த பழைய வகைக்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். லித்தியம் மின்கலம் முழுதாக ஏற்றியபோதே 4.2 தான். 2 வோல்ட்டிலேயே ஓடும் சீமாஸ் (CMOS) வகையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சொல் சரியாக இருந்தும் டார்ச் எரியாது.

அப்புறம், சுழல் மின்தடையை, ஆங்கிலத்தில் பொட்டென்ஷியோமீட்டர் என்பதால், 'மின்னழுத்தமானி' என்று எழுதிவிடாதீர்கள். அது எதையும் அளப்பதில்லை.

* * *

சரி, இன்று வியாழன். பெரும்பாலானோர் கருத்துப்படி தன்மைக்கு 'படியிலா ஒளிமாற்றம்', குமிழுக்கு 'ஒளிமாற்றி' என்று எழுதி அனுப்புகிறேன். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் 'டிம்மர்' என்றும் சேர்க்கிறேன். 555 குறிப்பும், சுழல் மின்தடைப் பெயரும் ஏற்கப்பட்டன, நன்றி.

* * *

'ஒளிமாற்றி' என்றால் நிறத்தை மாற்றுவதும் ஒளிமாற்றிதானே? சிவப்பு வெளிச்சத்துக்கு மாறுகிற டார்ச் வந்தால் அதை என்னவென்று எழுதுவீர்கள்? அச்சுக்குப் போவது போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் தூண்டல் என்ற சொல்லை மின்காந்தத்துக்கு முழுதாக எழுதிக்கொடுத்தது முறையல்ல என்பதில் மாற்றமில்லை. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் 'ஒளித்தூண்டல்' என்றும் ஒரு வரி போடுங்கள்.

* * *

போடுகிறேன் அம்மா.

* * *

ஒழுகொளியையும் போடலாமே, தம்பி. 'ஒழுங்கு' பற்றிய மடல் பாதி எழுதிவிட்டேன், இரவுக்குள் அனுப்புகிறேன்.