இந்தியா இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது எதனால்: நவாபுகளின் சண்டையா, கம்பெனியின் கடன் கணக்கா?

மோக்கா மாணவன்:
நம் மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் பழைய பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 1746-ல் இந்தத் தீவிலிருந்து கப்பல்களோடு போய் இங்கிலீஷ்காரரிடமிருந்து சென்னைப் பட்டினத்தைப் பிடித்தவர் அவர். மீட்க வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படை, அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரரின் சிறுபடையிடம் தோற்றது. அதைப் பார்த்த பிறகாவது நம்மவர்கள் ஒன்றுசேர்ந்தார்களா? இல்லை, அந்தப் படையைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி போட்டார்கள். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தார். 1749-ல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி இங்கிலீஷ் கம்பெனியின் கையைப் பிடித்தார். பங்காளிச் சண்டைதான் நாட்டைக் கெடுத்தது.

ரோஸ் ஹில் ஆசிரியர்:
தம்பி, கம்பெனி வருவதற்கு முன்பும் பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள். யார் ஜெயித்தாலும் நாடு உள்ளூரிலேயே இருந்தது. கம்பெனி கொண்டுவந்த புதுச் சரக்கு, கடனுக்குப் பட்டாளம். படைச் செலவு முழுவதும் முகமது அலியின் கணக்கில் ஏறியது. அதை அடைக்க ஊர்களின் வரியை எழுதிக் கொடுத்தார்; அதுவும் போதாமல் வெள்ளைக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கினார். 1763-ல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்குப் போனது, 1801-ல் கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாடே போனது. சண்டையில் ஜெயித்தவர் வீட்டுக்கு வந்த கதி இது!

சூயாக் அக்கா:
நம் தீவையும் கொஞ்சம் பாருங்கள். இங்கே சண்டை போட ராஜாவே கிடையாது. ஆனாலும் 1767 வரை பிரெஞ்சுக் கம்பெனிதான் ஆண்டது. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகளும், புதுச்சேரியிலிருந்து வந்த நம் கைவினைஞர்களும்தான் இந்தத் துறைமுகத்தைக் கட்டினார்கள். அவர்கள் யாருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்?

மோக்கா மாணவன்:
ஆளில்லாத் தீவு வேறு, மைசூர் வேறு அக்கா. ஹைதர் அலி எதையும் அடகு வைக்கவில்லை. 1769-ல் சென்னை வாசலுக்கே வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். ஆனால் 1792-ல் அவர் மகன் திப்புவின் பாதி நாட்டைக் கம்பெனியோடு பங்கு போட்டவர்கள் யார்? நிஜாமும் மராத்தியரும்!

ரோஸ் ஹில் ஆசிரியர்:
உண்மைதான், மறுக்க மாட்டேன். அப்புறம் 1798-ல் திப்புவின் தூதர்கள் உதவி கேட்டு இங்கேதான் வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய 100 தொண்டர்கள்தான் அவர்களோடு கப்பல் ஏறினார்கள். கம்பெனிக்கோ 1765 முதலே வங்காளத்து வரிப்பணம் வந்துகொண்டிருந்தது. சிப்பாய்க்குச் சம்பளம் நிற்கவில்லை.

மோக்கா மாணவன்:
அந்த வங்காளம் கம்பெனி கைக்கு வந்ததே, 1757-ல் சிராஜுத்தௌலாவைக் கவிழ்க்க அவருடைய தளபதி மீர் ஜாபர் இணங்கியதால்தானே ஐயா?