புதுப்பிப்பு: பழைய படக் கேசட்டில் 7 நிமிடம் எங்கே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் போடவிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தின் முழு நீளம் 180 நிமிடம். விஎச்எஸ் கேசட்டில் 172 நிமிடம் 48 வினாடிதான் ஓடுகிறது, எந்தக் காட்சியை வெட்டினார்கள், திரையில் நடிகர்களின் தலை ஏன் வெட்டுப்படுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

“ஆபரேட்டர் பாட்டைக் கத்தரித்து வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார்” என்றவருக்குத் தனி வணக்கம். ஆனால் வெட்டே இல்லை. “பால் (PAL) முறையைப் பாருங்கண்ணே” என்ற தம்பி சொன்னதுதான் சரி. சினிமா ஃபிலிம் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம்; நம் நாட்டு விஎச்எஸ் கேசட்டுகளில் இருந்த பால் என்னும் வீடியோ முறையில் 25. பிரேமுக்குப் பிரேம் அப்படியே ஏற்றினால் படம் 4 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதல் வேகத்தில் ஓடும். 180-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 172.8. அச்சாகப் பொருந்துகிறது.

எதிர்பாராதது சுருதி. வேகம் கூடியதால் குரலும் சற்றே உயர்ந்து கேட்கிறது. கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய கோப்பை விஎல்சி (VLC) என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் போட்டு வேகத்தை 0.96 ஆக்கினால் நேரம் சரியாகிறது, குரல் மட்டும் இறங்கவில்லை; அது சுருதியைப் பிடித்துக்கொண்டே ஒலியை நீட்டுகிறது. ஆடியோ அமைப்பில் அந்த நீட்டல் வசதியை அணைத்த பிறகுதான் கதாநாயகனுக்கு மீசை முளைத்த குரல் வந்தது. நிரந்தரக் கோப்பு வேண்டுமானால் வினாடிக்கு 48000 மாதிரி (sample) உள்ள ஒலியை 46080 என்று வாசிக்க வைத்து, படத்தை 24 பிரேமுக்கு மாற்றுங்கள்.

தலை வெட்டுப்பட்டது புரொஜெக்டரின் ஜூம் வேலை. படத்தின் அகல உயர விகிதத்தை 4:3-இல் வைத்ததும் சரியாகிவிட்டது.