ஆஸ்திரேலியாவில் தனியார் கல்லூரி மூடப்பட்டால் கட்டிய பணம் என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம். மெல்பர்னில் ஒரு தனியார் கல்லூரியில் சமையற்கலை படிக்கிறேன். வந்து ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த பருவத்துக்கும் சேர்த்து அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியாகிவிட்டது. இரண்டு வாரமாக வகுப்புகள் ஒழுங்காக நடக்கவில்லை. ஆசிரியர்கள் இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். கல்லூரி மூடப்படும் என்று பேசிக்கொள்கிறார்கள். "விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு, வேறு கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார் ஏஜென்ட். போடலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இதுதான். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரி சொன்ன தேதியில் படிப்பைத் தொடங்கவில்லை என்றாலோ, தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்தினாலோ, தவறு கல்லூரியுடையது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே மாணவர் தானாக விலகியிருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது நீங்கள் விலகியவர். சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எவ்வளவு திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். பல ஒப்பந்தங்களில் அது மிகச் சொற்பம். மூடும் நிலையில் இருக்கும் கல்லூரிக்கு உங்கள் விலகல் கடிதம் எத்தனை வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஏஜென்ட் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். இருந்தாலும் நஷ்டம் உங்கள் அப்பாவுக்கு.

கல்லூரி உண்மையிலேயே மூடப்பட்டால், அன்றிலிருந்து 14 நாட்கள் அதற்கு அவகாசம். அதற்குள், உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லாமல் வேறோர் இடத்தில் படிப்பை ஏற்பாடு செய்து நீங்கள் அதை எழுத்து மூலம் ஏற்க வேண்டும். அல்லது நடத்தாத வகுப்புகளுக்கான பணத்தை அது திருப்பித் தர வேண்டும். காட்டும் இடம் பிடிக்கவில்லை என்றால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவசரப்படுத்தினால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

கல்லூரி கைவிரித்துவிட்டால், மாணவர் கட்டிய கட்டணத்தைப் பாதுகாக்கும் அரசின் டியூஷன் புரொடெக்‌ஷன் சர்வீஸ் வருகிறது, சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். 2012 ஜூலை 1 முதல் இயங்குகிறது. கல்லூரிகளிடம் ஆண்டுதோறும் வசூலிக்கும் தொகையில் நடப்பது, மாணவர்களிடம் கட்டணம் எதுவும் இல்லை. "டி.பி.எஸ். பணத்தை வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். டி.பி.எஸ். அலுவலகமே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். அதன் வழியாக டி.பி.எஸ். தளத்துக்குள் போனால் மாற்றுப் படிப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பொருத்தமாக ஒன்றும் இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அந்த மின்னஞ்சல் எந்த முகவரிக்கு வரும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை மட்டும் வைத்திருந்தால், கல்லூரியோடு அதுவும் முடங்கிவிடும். சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், இப்போது குடியிருக்கும் முகவரி மூன்றும் கல்லூரிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று நாளைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். வீடு மாறினால் ஏழு நாட்களுக்குள் கல்லூரிக்குத் தெரிவிப்பது விசா நிபந்தனையும்கூட.

எவ்வளவு கிடைக்கும் என்று அப்பா கேட்பார். நடத்தாத வாரங்களுக்கு மட்டும்தான். உதாரணத்துக்கு, 52 வாரப் படிப்புக்கு 10,400 டாலர் என்றால் வாரத்துக்கு 200 டாலர். நீங்கள் 26 வாரங்களுக்குக் கட்டியிருந்து 14ஆவது வாரம் முடிந்ததும் கல்லூரி மூடப்பட்டால், மீதி 12 வாரங்களுக்கு 2,400 டாலர். தங்குமிடத்துக்கோ விமான டிக்கெட்டுக்கோ கொடுத்தது இதில் வராது. மருத்துவக் காப்பீடு காப்பீட்டு நிறுவனத்தோடு உள்ளது. ஆனால் அதைக் கல்லூரி வழியாக எடுத்திருந்தால், பணம் அங்கே உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று உறுப்பினர் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ரசீதுகளைத் தேடி எடுங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்த பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? கல்லூரி பெயரில் ரசீது இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். அதோடு ஒப்பந்தம், சேர்க்கை உறுதிச் சான்று, மதிப்பெண்கள், சமர்ப்பித்த பாட வேலைகள், வருகைப் பதிவு எல்லாவற்றையும் இறக்கிச் சேமியுங்கள். கல்லூரித் தளம் ஒருநாள் திறக்காது.

2009இல் நான் படித்த கல்லூரி அப்படித்தான் மூடப்பட்டது. காலையில் போனேன், கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மெல்பர்னிலும் சிட்னியிலும் பல தனியார் கல்லூரிகள் வரிசையாக மூடப்பட்டன. அதில் தவித்தவர்களில் இந்திய மாணவர்கள் நிறையப் பேர். நான் இழந்த பணத்தைவிட, முடித்த பாடங்களுக்குத் தாள் இல்லாமல் அவற்றை மறுபடி படித்ததுதான் இன்றும் வலிக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது. தொழிற்கல்வியில் முடித்த பாடங்கள் உங்கள் யு.எஸ்.ஐ. எண்ணில், அதாவது மாணவருக்கான தனி அடையாள எண்ணில், பதிவாகும், இப்போதே அந்தக் கணக்குக்குள் போய் என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூடப்பட்ட தொழிற்கல்லூரிகளின் மாணவர் பதிவுகளை ஆஸ்குவா என்ற ஒழுங்காற்று அமைப்பிடமும் கேட்கலாம். வகுப்பே நடக்கவில்லை என்ற புகாரையும் அங்கேயே கொடுக்கலாம். அதுவரை வகுப்பு இருக்கும் நாளில் போய் உட்காருங்கள், தம்பி. வருகை குறைந்தது என்ற பழி உங்கள் மேல் விழக்கூடாது.

கேள்வி: மிக்க நன்றி அக்கா. கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஆறு மாதம் முடியாமல் வேறு கல்லூரி எடுக்காது என்கிறார்களே?

பதில்: நீங்களாக மாறும்போது அந்த விதி உண்டு, முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியும்முன் பழைய கல்லூரியின் விடுவிப்பு, அதாவது நீங்கள் போகலாம் என்ற ஒப்புதல், வேண்டும். கல்லூரியோ அந்தப் படிப்போ பதிவை இழந்துவிட்டால் விடுவிப்பு தேவையில்லை. புதுப் படிப்பு இப்போது படிக்கும் அதே நிலையிலோ அதற்கு மேலோ இருக்கட்டும். கீழே இறங்கினால் 8202 என்ற விசா நிபந்தனையில் சிக்கல் வரும். சேரப்போகும் கல்லூரி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பதிவு பெற்றவற்றின் அரசுப் பட்டியலான கிரைகாஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. "முழு ஆண்டும் கட்டினால் தள்ளுபடி" என்பார்கள். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பில், தொடங்கும் முன் பாதிக் கட்டணத்துக்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. நீங்களாக விரும்பினால்தான் அதிகம் கட்டலாம். விரும்பாதீர்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

இன்றிரவே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வங்கியில் பணம் அனுப்பிய தாள்கள் அவரிடம்தானே இருக்கும்?